இறங்கு நாற்காலி

குளிர்காலத்தில் கைஸெக் மலை லிஃப்டின் நாற்காலிகள் ஆட்களைச் சுமந்துகொண்டு மேலே போகும், காலியாகக் கீழே வரும். சறுக்கி இறங்கத்தானே எல்லாரும் ஏறுகிறார்கள்? காலில் பனிச்சறுக்குக் கட்டைகளை மாட்டிக்கொண்டு மேலே போனவன் நாற்காலியிலேயே உட்கார்ந்து திரும்பி வந்தால், எங்காவது அடிபட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பயந்திருக்க வேண்டும். அடிபட்டவனுக்கு ஊரில் மரியாதை உண்டு. பயந்தவனுக்கு ஒரு பட்டப்பெயர்தான் உண்டு: கோடைக்காரன். கோடையில் வருகிற நகரத்து ஜனங்கள் நாற்காலியில் ஏறி, மேலே காபி குடித்துவிட்டு, நாற்காலியிலேயே இறங்கிப் போவார்கள். குளிர்காலத்தில் அந்தப் பெயரை வாங்குவதைவிடக் காலை உடைத்துக்கொள்வது மேல் என்று நினைக்கிற ஊர் அது. ஆஸ்திரியாவின் திரோலில் அப்படிப்பட்ட ஊர்களுக்குப் பஞ்சமில்லை.

எல்மார் முப்பத்தொரு வருடமாகக் கீழ் நிலையத்தில் லிஃப்டை ஓட்டுகிறவர். பனிக்காலத்தில் லிஃப்ட் வேகமாக ஓடும். எட்டு நிமிடத்தில் உச்சிக்குப் போய்விடலாம். சறுக்குகிறவர்களுக்கு அந்த வேகம் சரி. வழுக்கிக்கொண்டே வந்து உட்காருவார்கள், வழுக்கிக்கொண்டே இறங்கிப் போவார்கள். கட்டை மாட்டாமல் நாற்காலியை விட்டு இறங்க வேண்டியவருக்கு அது ஆகாது. அதனால் யாராவது நாற்காலியில் கீழே வருவதாக இருந்தால் மேல் நிலையத்திலிருந்து விட்டுஸ் போன் அடித்து, "ஒரு ஆள் வருது" என்பான். எல்மார் பார்த்துக்கொண்டே இருந்து, ஆள் நெருங்கும்போது வேகத்தைக் குறைக்கிற ஒரு திருகைப் பாதிக்குத் திருப்புவார். மலை முழுக்க எல்லா நாற்காலிகளும் ஒரே நேரத்தில் வேகம் தளர்ந்துவிடும். என்ன ஆயிற்று என்று வரிசையில் நிற்கிற இருநூறு பேரும் தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள். வந்து இறங்குகிறவருக்கு அந்தப் பார்வைதான் தாங்காது.

அவர் மனைவி அகாதே உச்சியிலிருந்த உணவுக் குடிலில் சமையல்காரி. இருபத்திரண்டு குளிர்காலம் காலையில் லிஃப்டில் போய், பார்லி சூப்பும் பாலாடைக்கட்டி போட்ட நூடுல்ஸும் செய்து போட்டுவிட்டு, நாலரை மணிக்கு அடுப்பை அணைத்துச் சறுக்கியே இறங்கி வந்தவள். கன்னிப்பருவத்தில் பள்ளத்தாக்கின் பெண்கள் சறுக்குப் போட்டியில் மூன்று வருடம் முதலாவதாக வந்தாள். ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேருக்குச் சறுக்கக் கற்றுக்கொடுத்தவளும் அவள்தான்.

போன ஜனவரியில் ஒருநாள் காலை உணவின்போது அவள் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள்.

"எல்மார், சாயங்காலம் நான் நாற்காலியில வந்துடறேன். கொஞ்சம் மெதுவாக்கிக் குடு."

"ஏன், முட்டி வலிக்குதா?"

"கண்ணு. மேகம் இறங்கிட்டா எனக்குப் பனி எது, வானம் எதுன்னு தெரிய மாட்டேங்குது. மேடு பள்ளம் எல்லாம் ஒரே வெள்ளையா இருக்கு."

"மேகம் இறங்கினா யாருக்குத்தான் தெரியுது? இந்த ஊருல எல்லாருக்கும் பனி பாத்துப் பாத்துக் கண்ணு போச்சு. சீசன் முடியட்டும், டாக்டர்கிட்டப் போலாம்."

"டாக்டர் இருக்கட்டும். இன்னைக்குச் சாயங்காலம் மெதுவாக்குவியா மாட்டியா?"

"சரிடி, வா. உனக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறேன்?"

அன்று சாயங்காலம் போன் வந்தது. எல்மார் திருகைத் திருப்பினார். நிலையத்துக்குப் பக்கத்திலேயே குடை விரித்த மதுக்கடை ஒன்று உண்டு. நாலு மணியானால் ஊர் ஆண்கள் அதைவிட்டு அசைய மாட்டார்கள். பஸ் ஓட்டுகிற புரூனோ கையில் கோப்பையோடு நிமிர்ந்து பார்த்தான். மடியில் பையை வைத்துக்கொண்டு, கட்டைகளை நெஞ்சோடு அணைத்தபடி அகாதே நாற்காலியில் வந்துகொண்டிருந்தாள்.

"அடேங்கப்பா, யாரு வர்றது பாருங்கடா! கோடைக்காரி!" என்று கத்தினான் புரூனோ. "எல்மாரு, பொண்டாட்டிக்கு ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் குடுடா! ஊரைச் சுத்திக் காட்டு!"

கடையே சிரித்தது. புரூனோவின் இரண்டு பையன்களும் அவளிடம் சறுக்கக் கற்றவர்கள், அவர்களும் சிரித்தார்கள். அகாதே இறங்கும்போது கொஞ்சம் தடுமாறினாள். எல்மார் அவள் முழங்கையைப் பிடித்தார், பிடித்தபடியே கடைப் பக்கம் திரும்பி அவரும் சிரித்தார். பெரிய சிரிப்பெல்லாம் இல்லை. நாலு பேர் சிரிக்கும்போது நாமும் பல்லைக் காட்டுவோமே, அதுதான். அகாதே அதைப் பார்த்தாள்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது அவர்தான் பேச்சை எடுத்தார்.

"தப்பா எடுத்துக்காத. தினமும் வேணாம். வேலைக்காரன் பொண்டாட்டிக்காக லிஃப்டையே மெதுவாக்கறான்னு முதலாளி காதுக்குப் போகும்."

"முதலாளி காதுக்கா?"

"ஆமா. கோடையில உன் இஷ்டத்துக்கு நாற்காலியில வா. அப்போ எல்லாரும்தான் வர்றாங்க, யாரும் பாக்க மாட்டாங்க."

"சரி" என்றாள் அகாதே. அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, மூன்று மணிக்கே மேகம் இறங்கிவிட்டது. அவள் சறுக்குப் பாதையின் இரண்டாவது வளைவில் திரும்பாமல் நேராகப் போய் விழுந்துவிட்டாள். ரோந்துக்காரர்கள் அரைமணி நேரத்தில் கண்டுபிடித்துத் தூக்கி வந்தார்கள். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கண்ணைத் திறக்காமலே கிடந்து போய்ச் சேர்ந்தாள்.

லின்ஸ் நகரத்திலிருந்து மகள் வந்தாள். அடக்கம் முடிந்து வீட்டிலிருந்து எல்லாரும் போன பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்பா, அன்னைக்கு அம்மா நாற்காலியில வர்றேன்னு கேட்டாளா?"

"இல்லம்மா. போனே வரல. வந்திருந்தா மெதுவாக்கியிருக்க மாட்டேனா?"

அந்தப் பதிலை வைத்துக்கொண்டுதான் எல்மார் மார்ச், ஏப்ரல், மே என்று மூன்று மாதங்களைத் தள்ளினார். பாதிரியாரிடமும் அதையே சொன்னார், கண்ணாடியைப் பார்த்துச் சவரம் செய்யும்போது தனக்குத்தானேயும் சொல்லிக்கொண்டார். அன்றைக்கு அவள் கேட்கவில்லை. அவளுக்கே நம்பிக்கை இருந்திருக்கிறது, தெரிந்த பாதை, வழக்கம்போல வந்திருக்கிறாள், விதி. மனிதனுக்கு நிற்க ஒரு சாண் இடமாவது வேண்டுமில்லையா? அவருக்கு மிஞ்சியிருந்த இடம் அந்த ஒரு வாக்கியம்தான்.

ஜூன் மாதம் லிஃப்டைக் கோடைக்குத் திறந்தார்கள். கோடைக்கென்று வேகம் தனி: திருகைக் காலையில் பாதிக்குத் திருப்பி வைத்தால் சாயங்காலம் வரை அங்கேயே இருக்கும். உச்சிக்குப் பதினாறு நிமிடம். தாத்தாக்கள், கைக்குழந்தைக்காரிகள், நாயைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் என்று ஒருநாளைக்கு முந்நூறு பேர் நாற்காலியில் இறங்கினார்கள். யாரும் போன் அடித்துச் சொல்லவில்லை, யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்மார் ஒவ்வொருவர் முழங்கையையும் பிடித்து இறக்கிவிட்டார். முதல் வாரம் முழுக்க அந்தத் திருகின் பக்கம் கண்ணே போகாமல் இருக்கப் பார்த்தார். எப்படிப் போகாமல் இருக்கும்? அவளுக்காக ஒரு விரல் அகலம் திருப்ப வேண்டியிருந்த சாமான்.

குடிலின் சொந்தக்காரி, அகாதேயின் சாமான்கள் அலமாரியில் இருப்பதாகச் சொல்லியனுப்பியிருந்தாள். தன் விடுமுறை நாளான செவ்வாய்க்கிழமை எல்மார் அவற்றை எடுத்துவர நாற்காலியில் ஏறிப் போனார்.

குளிர்காலத்தில் நாற்காலிக்குக் கீழே இரண்டு ஆள் உயரத்துக்குப் பனி கிடக்கும், கால் தரையைத் தொட்டுவிடும்போல் இருக்கும். இப்போது தரை எங்கோ கீழே கிடந்தது. தூண்களின் சிமெண்ட் அடிப்பாகம் வரை தெரிந்தது. புல்லில் ஒற்றைக் கையுறைகள், உடைந்த கம்பு, யாருடையதோ மூக்குக்கண்ணாடி. மாடுகள் மணியை ஆட்டிக்கொண்டு அவற்றைச் சுற்றி மேய்ந்தன. எதிர்ப்பக்கம் காலியாக வர வேண்டிய நாற்காலிகளில் முகம் முகமாக ஆட்கள் வந்தார்கள். கடந்து போகும்போது வணக்கம் சொன்னார்கள். அவரும் சொன்னார்.

இரண்டாவது வளைவு வந்தது. பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தார், பார்த்துவிட்டார். வளைவின் ஓரத்தில் ஒரு சரிவு, அதன் கீழே ஓடை. சரிவு ஒரு ஆள் உயரம்கூட இருக்காது. ஒரு பெண் கையில் கூடையோடு அதில் சாவகாசமாக இறங்கி, கல்லில் உட்கார்ந்து குழந்தைக்குக் காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். இவ்வளவுதானா, இதிலா என்று எல்மார் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கண் தெரிகிற யாரும் விழ முடியாத இடம்.

மேல் நிலையத்தில் விட்டுஸ் ஆட்களை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள், வெள்ளிக்கிழமை தவறாமல் சீட்டாடியவர்கள். அடக்கத்துக்குப் பிறகு விட்டுஸ் சீட்டாட வரவில்லை. போனில் பேசினாலும் இரண்டு வார்த்தையில் வைத்துவிடுவான். வருத்தம் போலிருக்கிறது என்று எல்மார் விட்டுவிட்டார்.

குடிலில் கொடுத்தது ஒரு துணிப்பை: இரண்டு ஏப்ரன், வெள்ளைச் செருப்பு, பாதி தீர்ந்த கைக்களிம்பு. அதைத் தூக்கிக்கொண்டு நடைபாதைப் பக்கம் திரும்பினார். முப்பத்தொரு வருடத்தில் அவர் ஒருமுறைகூட நாற்காலியில் இறங்கியதில்லை. கோடையிலும் நடந்துதான் இறங்குவார்.

"எல்மார், நில்லு" என்றான் விட்டுஸ். லிஃப்டை வேறு ஆளிடம் விட்டுவிட்டு வந்தான். "நீ எல்லார்கிட்டயும் சொல்றியாமே. அன்னைக்கு அவ கேக்கலன்னு."

"கேக்கலையே. உனக்குத்தான் தெரியுமே, நீ போனே பண்ணல."

"நான் பண்ணல. ஆனா அவ என்கிட்ட வந்தாளே."

எல்மாருக்கு முதலில் புரியவில்லை.

"அந்த பெஞ்சிலதான் உக்காந்தா, பத்து நிமிஷம். ஒண்ணும் தெரியல விட்டுஸ், பாலுக்குள்ள நிக்கிற மாதிரி இருக்குன்னா. நான் போனைக் கையில எடுத்துட்டேன். கீழ யார் யாரு நிப்பாங்கன்னு கேட்டா. வெள்ளிக்கிழமையாச்சே, எல்லாப் பசங்களும்தான் நிப்பாங்கன்னேன். அப்படின்னா வெச்சிடுன்னுட்டா."

"நான் மெதுவாக்கியிருப்பேன்டா."

"அதையேதான் நானும் சொன்னேன், அவன் செய்வான்னு." விட்டுஸ் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அதுக்கு அவ, செய்வான், எனக்குத் தெரியும், ஆனா செஞ்சுட்டு அவங்களோட சேந்து சிரிப்பான், அதை இன்னொரு தடவை பாக்க என்னால ஆகாதுன்னா. கட்டையை மாட்டிக்கிட்டுப் போயிட்டா."

பக்கத்தில் ஒரு நாய் குரைத்தது. யாரோ அதை அதட்டினார்கள்.

"நீ அவளைக் கேக்காம போனைப் போட்டிருக்கலாமேடா" என்றார் எல்மார்.

"போட்டிருக்கலாம். தினமும் ராத்திரி நினைக்கிறேன்."

எல்மார் அவனைத் திட்ட வாயைத் திறந்தார். திட்டு வரவில்லை. விட்டுஸ் போனை வைத்தது அவள் சொல்லி. அவள் சொன்னது யாரால்? மூன்று மாதமாக அவர் நின்றுகொண்டிருந்த ஒரு சாண் இடமும் போய்விட்டது. மகளிடம் சொல்ல வேண்டும், இன்றைக்கே சொல்ல வேண்டும் என்று மட்டும் தோன்றியது. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

நடந்து இறங்க முடியாது என்று அவருக்கே தெரிந்தது. துணிப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு இறங்கு பக்கம் போய் நின்றார். நாற்காலி வந்து மெதுவாக முழங்கால் மடிப்பில் தட்டியது, உட்கார்ந்தார். விட்டுஸ் பாதுகாப்புக் கம்பியை இறக்கிவிட்டான்.

பள்ளத்தாக்கு முழுக்கக் கண்முன் விரிந்தது. ஏறுகிறவனுக்கு மலையும் முன்னால் போகிறவனின் முதுகும்தான் தெரியும். இறங்குகிறவனுக்கு எல்லாம் தெரிகிறது: மாதா கோயில் கோபுரம், ஆறு, அவர்கள் வீட்டுக் கூரை, கடைசியில் கீழ் நிலையம், குடை விரித்த கடை. அங்கே நிற்கிறவர்களைத் தூரத்திலிருந்தே ஒவ்வொருவராக எண்ணலாம். அன்றைக்கு ஜனவரியில் அவள் அந்த எட்டு நிமிடமும் அவர்களைப் பார்த்துக்கொண்டுதான் வந்திருப்பாள். அவளுடைய கண்ணுக்குத் தெரிந்ததோ என்னவோ. சிரிப்பு கேட்டிருக்கும்.

எதிரே ஏறி வந்த நாற்காலியில் தொப்பி போட்ட ஒரு வயதான அம்மாள் தனியாக உட்கார்ந்திருந்தார். கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தார். முகம் வெளிறியிருந்தது.

"ஐயா!" என்று கூப்பிட்டார், நெருங்கி வரும்போதே. "இறங்கி வர்றப்போ ரொம்பப் பயமா இருக்குமா? நான் எப்படித் திரும்பி வரப்போறேன்னே தெரியலீங்க."

"பயமே இல்லம்மா" என்றார் எல்மார். நாற்காலிகள் ஒன்றையொன்று தாண்டின. அவர் கழுத்தைத் திருப்பி, அந்த அம்மாளின் முதுகைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "சும்மா உக்காந்திருந்தாப் போதும்! கீழ ஆள் இருக்கான்! அவன் மெதுவாக்கிக் குடுப்பான்!"

அந்த அம்மாளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. எல்மார் அழுதுகொண்டே இறங்கினார். அடுத்தடுத்து ஏறி வந்தவர்கள் அவருக்கு வணக்கம் சொல்ல வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.