மூன்றாம் மாடித் தரை

இயக்குநர் பேசத் தொடங்கும் முன் கூரையைப் பார்ப்பார். முகவாயை உயர்த்தி, கண்ணைப் பாதி மூடி, வார்த்தைகள் மேலிருந்துதான் தனக்கு இறங்குகின்றன என்பதுபோல் கொஞ்சம் காத்திருப்பார். நில அளவை அலுவலகத்தின் மூன்றாம் மாடியே அப்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

ஒரு திங்கட்கிழமை அவர் அப்படி அண்ணாந்தபோது கூரை நகர்ந்தது. ஓடாத மின்விசிறியைச் சுற்றி அறை மெல்லச் சுழன்றது. அலமாரிகள் கயிறு அவிழ்ந்த படகுகளாகக் கிளம்பின. மேசைமேல் கோப்புகள் எழுந்து தாழ்ந்தன, ஜன்னல் வெயில் சுவரில் ஏறி எங்கோ போனது. அரை நிமிடம்தான். பிறகு எல்லாம் திரும்பி வந்து, ஒன்றும் நடக்காத முகத்தோடு உட்கார்ந்துகொண்டன.

"இந்தத் தரை சாயுது," என்றார் இயக்குநர்.

தனக்குத் தலைசுற்றும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தவறு எதுவானாலும் அவருக்கு வெளியே நடப்பதுதான் வழக்கம்.

"எனக்கும் ரொம்ப நாளா ஒரு சந்தேகம் சார்," என்றார் துணை இயக்குநர். அந்தச் சந்தேகம் அந்த நொடியில்தான் பிறந்தது. பிறக்கும்போதே அதற்கு மீசை முளைத்திருந்தது.

செவ்வாயன்று அளந்தார்கள். மலையையும் ஆற்றையும் அளந்த கருவிகள் மாடியேறி வந்தன. முதல் கருவி தரை மட்டமாக இருக்கிறது என்றது. அதை ஓரமாக வைத்தார்கள். இரண்டாவதும் அதையே சொல்லி, அதுவும் ஓரமாகப் போனது. மூன்றாவது கருவியை வைத்தவர் விவரமானவர். சாய்வு எவ்வளவு வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வைத்தார்.

புதனன்று எல்லோரும் இடப்பக்கமாகச் சாய்ந்து நடந்தார்கள். தட்டச்சு செய்யும் அம்மாள் தண்ணீர்க் குவளையை ஒரு கையால் பிடித்துக்கொண்டே வேலை பார்த்தார். மதிய வெளிச்சத்தில், கடலுக்கடியில் நடப்பவர்கள்போல் மெதுவாக, அழகாக, ஒருவர் பின் ஒருவராகச் சாய்ந்து போனார்கள்.

அந்தத் தரையைப் போட்டவர் அதே கட்டடத்தில் இப்போது பராமரிப்பு வேலை பார்க்கும் கொத்தனார். துணை இயக்குநர் அவரிடம் ஒரு தாளை நீட்டினார். தரை தன் கவனக்குறைவால் கோணலாகப் போடப்பட்டது என்று கொத்தனார் ஒப்புக்கொள்வதாக அதில் இருந்தது. சனிக்கிழமை தரையை உடைக்கப் போகிறார்கள்.

"மட்டமா இருக்கே சார்." கொத்தனார் ரசமட்டத்தைத் தரையில் வைத்துக் காட்டினார். குமிழி நடுக்கோட்டில் அசையாமல் தூங்கியது.

"இருக்கலாம்யா. இயக்குநருக்குச் சாயுதே!"

"கையெழுத்துப் போடலைன்னா?"

"அப்படி ஒரு ஆள் இங்க வேலை பார்த்ததா எந்தக் கோப்புலயும் இருக்காது. நாளைக்குள்ள போடு."

பதினாறு வருடத்துக்கு முன் பதினொரு நாள் மண்டியிட்டுப் போட்ட தரை. வேலை போனால் வேறு தேடிக்கொள்ளலாம். கோணல் தரை போட்டவன் என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டு எங்கே போய்த் தேடுவது?

வீட்டில் மனைவியிடம் சொன்னார். அவர் ஒரு காது மருத்துவமனையில் பரிசோதகர். எத்தனையோ பேருடைய காதுக்குள் எட்டிப் பார்த்தவர். யாருடைய பதவியும் காதுக்குள் வரை போய்ச் சேர்ந்ததை அவர் கண்டதில்லை.

"எப்பல்லாம் சாயுதாம்?"

"அண்ணாந்து பார்க்கும்போது. அரை நிமிஷம்."

"நடக்கும்போது?"

"அவர் நேராத்தான் நடக்கிறார். மத்தவங்கதான் சாஞ்சு நடக்கிறாங்க."

மனைவி சிரித்தார். "தரையில ஒண்ணுமில்லீங்க. அவர் காதுக்குள்ள கல்லு இடம் மாறியிருக்கும்."

"காதுல கல்லா?"

"எல்லாருக்கும் இருக்கு. காது கேக்குறதுக்கு மட்டும்னு நெனச்சீங்களா? உள்ள நத்தைக்கூடு மாதிரி ஒண்ணு, அது சத்தத்துக்கு. தண்ணிக்குள்ள புல்லு மாதிரி முடி முடியா நிக்கும். சத்தம் வந்தா ஆடும். பக்கத்துலயே மூணு வளையக் குழாய், அதுலயும் தண்ணி. தலை திரும்பினா தண்ணி ஒரு நொடி பின்தங்கும். அதை வெச்சுத்தான் திரும்புறோம்னு மூளைக்குத் தெரியுது. கீழ ஒரு பையில மாவு மாதிரி பொடிக் கல்லு ஒட்டியிருக்கும். அது உதிர்ந்து குழாய்க்குள்ள போச்சுன்னா, தலை நின்ன பிறகும் தண்ணி நிக்காது."

கொத்தனார் யோசித்தார். "குப்பை விழுந்த ரசமட்டம்."

"அதேதான்."

மறுநாள் மதியம் இருவரும் இயக்குநர் அறைக்குள் போய், கோளாறு தரையில் இல்லை, காதில் என்றார்கள்.

"என் காதுக்கு என்ன? ஊசி விழுந்தாக் கேக்கும்," என்றார் இயக்குநர்.

"ஒரு கிலோமீட்டர்ல விழுந்தாக்கூட," என்றார் துணை இயக்குநர்.

"கேக்குறதுல குறையே இல்ல சார்," என்றார் பரிசோதகர். "படுக்கையில புரளும்போது கட்டிலும் சாயுதா?"

இயக்குநர் கூரையைப் பார்க்கப் போய், பாதியில் நிறுத்திக்கொண்டார். பிறகு துணை இயக்குநரிடம், "கதவைச் சாத்திட்டு வெளிய இருங்க," என்றார். கதவு சாத்தியதும் குரல் இறங்கியது. "கட்டில் காலுக்கு அட்டை வெச்சுப் பார்த்தேம்மா. அப்பவும் சாயுது. பயமா இருக்கு."

"காதுக்குள்ள ஒரு பொடிக் கல்லு இடம் மாறியிருக்கு சார், தலையைத் திருப்பியே அதைப் பழைய இடத்துக்கு அனுப்பிடலாம்," என்று ஆலோசனை மேசைமேல் அவரை உட்காரவைத்து, தலையை வலப்பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாக்கச் சாய்த்தார் பரிசோதகர். தலை மேசை விளிம்புக்கு வெளியே தொங்கியது. கொத்தனார் தோளைப் பிடித்துக்கொண்டார். இயக்குநரின் கண்கள் படபடத்தன. அறை மறுபடி கடலாயிற்று. மாவு நீருக்குள் இறங்குவதுபோல் எங்கோ மிக உள்ளே ஏதோ நகர்ந்தது. "அப்படியே இருங்க சார்." தலை இடப்பக்கம் திரும்பியது. பிறகு உடம்பே புரண்டது, மூக்கு தரையைப் பார்த்தது. மூன்று சாண் தூரத்தில், பதினாறு வருடமாகத் தான் மிதித்துப்போன தரையை அவர் முதல்முறையாகப் பார்த்தார். ஓடுகளின் இணைப்பு ஒரு நூல் பிசகாமல் ஓடியது. அலை அடங்கியது.

எழுந்து உட்கார்ந்தபோது அலமாரிகள் அலமாரிகளாகவே இருந்தன. "இப்பச் சாயல," என்று அவர் சொன்னது கதவுக்கு வெளியேயும் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் துணை இயக்குநர் புதுத் தாளோடு உள்ளே வந்தார். ஒரே நாளில் தரையை நேராக்கிய கொத்தனாருக்குப் பாராட்டு!

"நான் நேராக்கல சார்."

"யோவ், பாராட்டுய்யா! வாங்கிக்க."

"அது முதல்லேர்ந்தே நேராத்தான் இருக்கு. இதுல கையெழுத்துப் போட்டாலும் சாஞ்சிருந்துச்சுன்னுதான் ஆகும்."

இயக்குநர் தாளை வாங்கி, எழுதியிருந்ததைக் கோடிட்டு அடித்தார். "தரை மட்டமா இருக்கு. அவ்வளவுதான் எழுதுங்க."

"சாஞ்சதுக்குக் காரணம் சார்?"

"கருவி பழுது."

"எந்தக் கருவின்னு கேப்பாங்களே?"

"என்கிட்ட அனுப்புங்க. நான் சொல்லிக்கிறேன்."

புதிதாக எழுதியதைக் கொத்தனார் இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பரிசோதகர் பையை எடுத்துக்கொண்டார்.

"இது மறுபடி வரலாம் சார். வந்தா கடப்பாரையைத் தேடாதீங்க. எனக்குச் சொல்லி அனுப்புங்க."