மூன்றாம் தொகுதியில் ஒரு மறைவு

என் அத்தான் நம் தேசிய இலக்கியத்துக்கு ஐந்து தொகுதிகளில் வரலாறு எழுதிய பேராசிரியர். அடுக்கி வைத்தால் முழங்கால் உயரம் வரும். முழுதாகப் படித்தவன், அச்சகத்தில் பிழை திருத்துகிற நான் ஒருவன்தான், அதுவும் பிழைப்புக்காக.

ஓர் எழுத்தாளர் ஐந்தாண்டு சேர்ந்தாற்போல் எதுவும் எழுதவில்லை என்றால், காலமாகிவிட்டார் என்று கொள்வது அத்தானின் ஆய்வு முறை. மூன்றாம் தொகுதியில் ஒரு நாவலாசிரியருக்கு மறைவு ஆண்டு கிடைத்தது அப்படித்தான். 'ஆதாரம்?' என்று ஓரத்தில் பென்சிலால் எழுதினேன். அழித்துவிட்டு அனுப்பினார். அக்கா வீட்டுக்காரரிடம் எவ்வளவுதான் மல்லுக்கட்டுவது? விட்டுவிட்டேன்.

பதினோரு வருடம் கழித்து, அத்தானுக்குப் பதக்கம் கொடுக்கும் விழாவுக்கு எட்டு நாள் இருக்கும்போது, செத்தவர் வீடு தேடி வந்தார். எழுபது தாண்டிய பெரியவர். கூடவே மகள், கையில் காகிதக் கட்டு. புது நாவல். மூன்று பதிப்பகங்கள் அத்தானின் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, இறந்தவர் பெயரில் யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று திருப்பி அனுப்பியிருந்தன. தவறு தன்னுடையது என்று அத்தான் ஒரு கடிதம் கொடுத்தால் போதும்.

அத்தான் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நான் போட்டா காரணம் இல்லாம இருக்காதே."

"காரணம் இருக்கலாங்க. நான்தான் ஒத்துழைக்கல," என்றார் பெரியவர்.

சமையலறையில் அக்கா சிரிப்பை அடக்குவது கேட்டது. அத்தானுக்கு முகம் சுண்டிவிட்டது. பதக்கம் வாங்கப் போகிற நேரத்தில், உயிரோடு இருப்பவரைக் கொன்றேன் என்று கைப்பட எழுதித்தர மனமில்லை. விழா முடியட்டும், பார்க்கலாம் என்றார். திருத்தச் சீட்டு அச்சடித்து மீதிப் பிரதிகளில் ஒட்டுவது எனக்கு அரை நாள் வேலை. நான் வாயே திறக்கவில்லை. விழா மலரில் என் படமும் வருவதாக இருந்தது.

விழா முடிந்தது. அதற்குப் பின் பாராட்டுக் கூட்டங்கள், பாராட்டியவர்களைப் பாராட்டும் கூட்டங்கள். ஏழாம் மாதம் பெரியவர் நிஜமாகவே போய்ச் சேர்ந்தார். மரணச் செய்தி கொடுக்கப் போன மகளிடம், அவர் எப்போதோ காலமாகிவிட்டாரே என்று பத்திரிகை அலுவலகத்தில் மூன்றாம் தொகுதியை விரித்துக் காட்டியிருக்கிறார்கள்.

அதைக் கேள்விப்பட்ட அன்றே அத்தான் கடிதத்தை எழுதினார். ஒன்றரைப் பக்கம். அவர் எழுதியதிலேயே அடிக்குறிப்பு இல்லாதது அது ஒன்றுதான். இருவரும் பேருந்தில் போனோம். மகள் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, கடிதத்தை நின்றபடியே படித்தாள்.

"அந்த நாவலக் கொடும்மா. நானே முன்னுரை எழுதிப் போடறேன்," என்றார் அத்தான்.

"கடைசி அத்தியாயத்த மாத்தணும்னு சொல்லிட்டிருந்தாருங்க. உங்க கடுதாசி வந்ததும் உக்கார்றேன்னாரு. தெனமும் தபால்காரரப் பாத்துட்டே இருந்தாரு." அவள் குரலில் கோபம்கூட இல்லை.

கடிதத்தை மடித்து அவரிடமே நீட்டினாள். அத்தான் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் ஏதாவது சொல்வேன் என்று அவரும், அவர் ஏதாவது சொல்வார் என்று நானும், பேருந்து நிறுத்தம்வரை நடந்தோம்.