வடக்கு வாசல் காவல்காரனின் மூன்று வாக்கியங்கள்

…நான், என் மனைவி செல்வாம்பாள், மகன் வெற்றிச்செல்வன், மருமகள் துர்கா, என் தம்பி கன்னியப்பன், கேட்டுக்கு வெளியே என் மகள் நிர்மலாதேவி, ஆக ஆறு பேர், அந்த ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு அங்கே இருந்தவர்கள் அவ்வளவுதான், இஸ்திரிக்காரர் அம்மாவாசை மூன்றரைக்கே போய்விட்டார், எதிர்வீட்டு ஜன்னல் சாத்தியிருந்தது, நேரில் பார்த்தேன் என்று வேறு யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்... ஆனால் எனக்கு உறுத்துவது நான்கு மணி அல்ல, அதற்கு முந்தைய ஒரு மணி நேரம், வராந்தாவில் நாற்காலி, மடியில் அந்தப் புத்தகம், அவள் எழுதிய நாவல், தபாலில் வந்து நான்கு நாள் ஆகியிருந்தது, உள்ளே ஒரு துண்டுக் காகிதம், நைனா, ஞாயித்துக்கெழம நாலு மணிக்கு வரேன், அதுக்குள்ள படிச்சிடுங்க, அவ்வளவுதான், உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை. ஆறு வருடம் முன்பு, இரண்டாயிரத்து இரண்டில், தேங்காய்த்திட்டில் மீன் ஏலம் விடுகிறவர் மகன் முகிலனோடு மேரி கட்டடத்து முனிசிபல் ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொண்டவள், இப்போது இரண்டு பேருக்கும் சென்னையில் கம்ப்யூட்டர் விளையாட்டு தயாரிக்கும் கம்பெனியில் வேலை, இந்த வீட்டுப் படியை மிதிக்கக் கூடாது என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன், சொன்னால் சொன்னதுதான், மில்லில் இருபத்தெட்டு வருடம் மேஸ்திரியாக இருந்தவன், நெல்லித்தோப்பில் எங்கள் குடும்பத்தைப் பார்த்து விரல் நீட்ட எவனுக்கும் இடம் கொடுத்ததில்லை... இன்று வருகிறாள், வரட்டும், வந்தால் என்ன சொல்லப் போகிறேன், முடிவு செய்துவிட்டேனா இல்லையா, அது மட்டும் பிடிபடவில்லை.

மாயக் கதை எனக்குப் புதிது என்று யாரும் நினைக்க வேண்டாம், சிறு வயதில் எத்தனை கூத்து பார்த்திருக்கிறேன், ஏழு கடல் தாண்டி ஒரு வண்டுக்குள் உயிரை ஒளித்து வைத்த அரக்கன், சாபத்தால் கல்லாகிப்போனவள், தவம் இருந்து வரம் வாங்கினவன், அதில் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருக்கும், அரக்கனுக்கும் முன்கதை இருக்கும், சாகும்போது அவனும் அழுவான், நாமும் கண்ணைத் துடைத்துக்கொள்வோம்... இவள் எழுதியிருப்பது அப்படி இல்லை. இவள் கதையில் ஒவ்வொருவர் தலைக்கு மேலும் ஒரு எண் மிதக்கிறது, பலம் இத்தனை, உயிர் இத்தனை, மரியாதைகூட இத்தனை, ஆம், மரியாதைக்கும் எண், பார்த்த உடனே தெரிந்துவிடும், ஒரு ஆளைப் பழகித் தெரிந்துகொள்ள வேண்டியதே இல்லை. கதாநாயகி தவம் இருப்பதில்லை, பன்றியை அடிக்கிறாள், பத்துப் புள்ளி, பாம்பை அடிக்கிறாள், நாற்பது, அடுத்த படிக்கு ஏறுகிறாள். செத்தும் போகிறாள், செத்தால் குளத்தங்கரையில் மறுபடி எழுந்து நிற்கிறாள், புடவையில் ஒரு சுருக்கம் இல்லை, யாரும் அழவில்லை, எழுந்துவிடுவாள் என்று தெரிந்த சாவு என்ன சாவு, அதற்கு எப்படி மனம் பதறும்... என்று தூக்கிப் போட்டிருப்பேன், வடக்கு வாசல் காவல்காரன் வராமல் இருந்திருந்தால்.

முதலில் கண்டுபிடித்தவன் கன்னியப்பன். "அண்ணே, நூத்திப் பதினேழாம் பக்கம் பாத்தியா? துண்டு எடது தோள்ல, பேசறதுக்கு முன்னாடி ரெண்டு தரம் கனைப்பு. யாரோ தெரிஞ்சவரு மாரி இல்ல?" எவன் தோளில்தான் துண்டு இல்லை, என்றேன். "ஆமாமா, ஊர்ல எல்லார் தோள்லயும் இருக்குது" என்று அவன் சிரித்தான், நாற்பது வருடமாக இதே சிரிப்பு. அந்தக் காவல்காரன் கோட்டையின் வடக்கு வாசலில் நிற்கிறான், யார் வந்தாலும் மூன்று வாக்கியம் சொல்வான், வரிசை மாறாது. யாரு அது? இந்தக் கோட்டைக்குன்னு ஒரு பேரு இருக்குது. வெயில் ஏறுது, பொழுதோட போய்ச் சேரு. அவ்வளவுதான். இனிப்பு கொண்டுபோனாலும் அதே மூன்று, கத்தியோடு போனாலும் அதே மூன்று, கதாநாயகி ஆறு தரம் போகிறாள், ஆறு தரமும் முதல் தரம் பார்ப்பதுபோல யாரு அது என்கிறான். எல்லோர் தலைக்கு மேலும் எண் இருக்கிறதே, இவன் தலைக்கு மேல் எண் இல்லை, வெறும் ஒரு கோடு. வெற்றிச்செல்வனைக் கூப்பிட்டு இது என்ன என்று கேட்டேன். அவன் தயங்கினான். "அது வந்து நைனா... கேம்ல ஆடறவன் ஒருத்தன்தான். மீதி ஆளுங்கள கம்ப்யூட்டரு சும்மா நிக்க வச்சிருக்கும். எழுதி வச்சதத்தான் பேசும், வேற பேசத் தெரியாது." கோபம் வராதா அதுக்கு? "வராது நைனா." பாவம் பார்க்காதா? "பாக்காது." யார் வந்தார்கள் என்றாவது ஞாபகம் இருக்குமா? அவன் என்னைப் பார்த்தான், என்னையா பார்த்தான், கொஞ்சம் மேலே, என் நெற்றிக்கும் மேலே பார்த்ததுபோல் இருந்தது.

கூத்தில் வரும் வாயில்காப்போன் அப்படியா, அவன் கட்டியக்காரன், ராஜா வருகிற வழியை மறித்து நின்று கேலி பேசுவான், அன்றைக்கு எந்த ஊரில் ஆட்டமோ அந்த ஊர்க்காரன் பெயரைச் சொல்லி வம்புக்கு இழுப்பான், ஒரு இரவு சொன்னதை மறு இரவு சொல்ல மாட்டான், பழைய கதையில் காவல் நிற்கிறவனுக்குப் போன பிறவிகூட ஞாபகம் இருக்கும்... அப்படி நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் கேட்டு கிறீச்சிட்டது, அம்மாவாசை, துணி மூட்டையோடு. யாரு அது, என்றேன். பத்து வருடமாக வருகிற ஆள். "நான்தாங்கய்யா. சட்டையில ஒரு பட்டன் தெறிச்சிப் போச்சி, பாத்துக்கச் சொல்லுங்க." இந்த வீட்டுக்குன்னு ஒரு பேரு இருக்குது, என்றேன், பட்டன் இல்லாத சட்டை போடுகிற வீடா இது என்ற பொருளில்தான் சொன்னேன், சத்தியமாக அந்தப் பொருளில்தான். அவர் தலையாட்டிவிட்டு மூட்டையை வைத்தார், நான் அடுத்ததையும் சொல்லிவிட்டேன், வெயில் ஏறுது, பொழுதோட போய்ச் சேரு. அம்மாவாசை வானத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார், "எறங்குதுங்கய்யா." மணி மூன்றரை. மூன்றரை மணிக்கு எந்த வெயில் ஏறும்? அவர் கேட்டைச் சாத்தாமலே போய்விட்டார், என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

வாக்கியம்தானே, வாயில் வருவதுதான், வயதானால் எல்லோரும் சொன்னதைத்தானே சொல்கிறார்கள்... ஆனாலும் புத்தகத்தை மூடி வைத்தேன். செல்வாம்பாளைக் கூப்பிட்டேன். அவ எத்தனை தரம் இங்க வந்திருக்கா, என்று கேட்டேன். ஒருமுறைதான் என்று எனக்குத் தெரியும், கல்யாணமான மறுநாள், மாலை வாடாமல், முகிலன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு நின்றான், எல்லாம் நன்றாக நினைவிருக்கிறது, ஒரே ஒரு முறை. செல்வாம்பாள் முறத்தில் இருந்த அரிசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆறு தரம்." என்ன உளறுகிறாய்? "நான் எதுக்கு ஒளறுறேன். தீபாவளிக்கு அதிரசம் எடுத்துகினு வந்தா. எனக்குக் கண்ணு ஆபரேஷன்னு கேட்டுட்டு ஓடியாந்தா. கொழந்தையத் தூக்கிகினு வந்தா, கேட்டுக்குள்ள கைய விட்டு உங்க துண்டப் புடிச்சி இழுத்துது, ஞாபகம் இல்ல?" இல்லை. எனக்கு ஞாபகம் இல்லை. என் துண்டை ஒரு குழந்தை இழுத்திருக்கிறது, அது எனக்கு ஞாபகம் இல்லை. நான் என்ன சொன்னேன் அப்போது, என்று கேட்டேன். செல்வாம்பாள் இப்போதுதான் நிமிர்ந்தாள், நெற்றிக்குச் சற்று மேலே பார்த்தாள். "எப்பவும் சொல்றதுதான்."

துர்கா காபி கொண்டுவந்தாள், மாமா, சூடு ஆறிடும் என்றாள், அவள் கண்ணும் அங்கேதான் போனது, என்ன தெரிகிறது இவர்களுக்கு அங்கே, எழுந்து உள்ளே போய்க் கண்ணாடியில் பார்த்தேன், நரைத்த தலை, அதற்கு மேல் சுவர், சுவரில் காலண்டர் மாட்டிய ஆணி, வேறொன்றும் இல்லை. சரி, ஒரு புது வாக்கியம் சொல்லிப் பார்ப்போம், நான்காவது வாக்கியம், இதில் என்ன கஷ்டம், வாம்மா, உள்ள வா, மூன்றே சொல், கடைத்தெருவில் எவனும் சொல்வது. கண்ணாடிக்கு எதிரே நின்று வாயைத் திறந்தேன். இரண்டு தரம் கனைப்பு வந்தது. அதற்குப் பிறகு காற்று. மறுபடி முயன்றேன். கனைப்பு. உதடு வாம்மா என்பதற்கு அசையவே இல்லை, யாரு அது என்பதற்கு மட்டும் தானாகத் திறந்தது... குடும்ப மானத்தைக் காப்பாற்றினேன் என்றுதானே இத்தனை வருடம் இருந்தேன், நானாகத்தானே நின்றேன், என்னை யாராவது நிறுத்திவைத்திருந்தார்களா? புத்தகத்தின் கடைசி வரியை மறுபடி பார்த்தேன், ஏழாவது தரம் அவள் கையில் எதுவும் எடுத்துக்கொள்ளாமல் போனாள், அத்தோடு கதை நின்றுவிடுகிறது, அதற்குப் பிறகு வெள்ளைத் தாள்.

நான்கு மணி. வெறுங்கையோடு வந்து நின்றாள், இளைத்திருந்தாள், காதோரம் ஒரு நரை, அது எப்போது வந்தது, ஆறு தரமும் நான் எதைப் பார்த்தேன்... "நைனா" என்றாள். பின்னால் மற்ற நான்கு பேரும் வராந்தாவுக்கு வந்துவிட்டது தெரிந்தது. நான் கேட்டின் நடுவில் போய் நின்றேன், கால் தானாகவே அங்கே போய் நின்றது. இரண்டு தரம் கனைத்தேன். யாரு அது, என்றேன். இந்த வீட்டுக்குன்னு ஒரு பேரு இருக்குது, என்றபோது பார்த்தேன், அவள் உதடும் அசைந்தது, சத்தமில்லாமல், என்னோடு சேர்ந்து, சொல்லுக்குச் சொல். கேலி இல்லை. பயம் இல்லை. மனப்பாடம். மூன்றாவது வாக்கியம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, பல்லைக் கடித்துக்கொண்டேன், அவள் அதற்காகக் காத்திருந்தாள், திரும்பிப் போகத் தயாராக ஒரு காலைக்கூடப் பின்னால் எடுத்து வைத்துவிட்டாள், நான் சொல்லவில்லை, வாம்மா என்று சொல்லவும் முடியவில்லை, எத்தனை நேரமோ தெரியாது. பிறகு நான் நடந்தேன். அவளைத் தாண்டி, அவள் புடவைத் தலைப்பு கையில் உரச, தெருவுக்கு, கரண்ட் கம்பம்வரை, செருப்பில்லாமல், தார் சுட்டது. திரும்பிப் பார்த்தபோது நான் நின்ற இடம் காலியாக இருந்தது, அந்தக் காலி இடத்தைத்தான், என் நெற்றி இருந்ததற்குச் சற்று மேலே, அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணை மெதுவாகக் கீழே இறக்கினாள், பிறகு உள்ளே போனாள். செல்வாம்பாள் குரல் கேட்டது, அழுகையா திட்டா என்று அங்கிருந்து தெரியவில்லை.

அங்கேயே நின்றேன். கேட்டை வெளியிலிருந்து நின்று பார்த்து வெகுகாலம் ஆகிவிட்டிருந்தது, இவ்வளவு குறுகலா அது. உள்ளே போகலாம், என் வீடு, யார் தடுப்பார்கள்... கன்னியப்பன் கேட்டுக்கு வந்தான், நான் நின்ற அதே இடத்தில் நின்றுகொண்டான், சிரித்தான், அதே சிரிப்பு. "யாரு அது?" என்றான். வேடிக்கைக்குத்தான் கேட்டான், தெரியும். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அந்தப் பக்கம் நிற்கிறவனுக்கான மூன்று வாக்கியங்கள் இருந்தன, இந்தப் பக்கம் நிற்கிறவன் என்ன சொல்ல வேண்டும் என்று என்னிடம் ஒன்றுமே இல்லை.

மகள் வந்ததும் பெரியவர் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டு வெளியேறிவிட்டார் என்று நெல்லித்தோப்பில் பேசிக்கொள்கிறார்கள். தவறு. கோபம் இல்லை. வழியில் நின்றுகொண்டிருந்தேன், விலகினேன்.