தைலம்மாள் வடை சுடுகிற படம்

கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் ரோட்டோரம் பதினேழு வருஷமாக மசால்வடை சுட்டுவந்த தைலம்மாளிடம், அவள் வடை சுடுகிறவள்தான் என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள்.

கொரோனாவில் வெள்ளிமலை பஸ் நின்றது. மலைக்கு ஏறும் சனங்களை நம்பியிருந்த அவளுடைய தள்ளுவண்டியும் நின்றது. ஐந்து மாதம் ஆகியிருந்தது. தள்ளுவண்டிக்காரர்களுக்கு அரசாங்கம் பத்தாயிரம் ரூபாய் கடன் தருவதாகக் கேள்விப்பட்டு, கல்யாண மண்டபத்தில் நடந்த முகாமுக்குப் போனாள். மனு வாங்கிக்கொண்டிருந்த நகராட்சி அலுவலர், மாஸ்க் போட்ட கோகிலவாணி மேடம், அவள் மனுவைப் புரட்டினார்.

"வியாபாரி அட்டை இல்லியாம்மா? பரவால்ல. கடை நடத்தற மாதிரி ஒரு போட்டோ எடுத்துக்கினு வாங்க."

"கடையே மூடிக் கெடக்குதே மேடம்."

"இப்பதான் தொறக்கலாமே. ஒரு நாள் தொறங்க."

படம் எடுக்கும் பொறுப்பை அவள் புருஷன் சின்னக்கண்ணு ஏற்றுக்கொண்டான். கொத்து வேலையில்லாமல் வீட்டில் கிடந்தவனுக்கு அது பெரிய உத்தியோகம். தைலம்மாள் பட்டுப்புடவை கட்டி, கனகாம்பரம் வைத்து, வண்டிக்குப் பின்னால் நின்றாள். படத்தில் சட்டி விழுந்தது, சக்கரம் நாலும் விழுந்தது, தைலம்மாள் மட்டும் கழுத்துவரைதான் விழுந்திருந்தாள்.

"தல எங்கய்யா?"

"பொடவயப் பாத்தாலே நீதான்னு தெரியும்."

தலையோடு இன்னொன்று எடுக்கவைத்துக் கொண்டுபோனாள். கோகிலவாணி கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கீங்க. ஆனா அடுப்பு எரியலியே. பொண்ணு பாக்க வந்தவங்களுக்கு நிக்கற மாதிரி இருக்குது."

காலிச் சட்டிக்கு அடியில் நெருப்பை மூட்டினால் போதும் என்றான் சின்னக்கண்ணு. தைலம்மாளுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"காலிச் சட்டியக் காயவெச்சிக்கினு நிக்கறதுக்கு நான் இன்னா பைத்தியமா? சுட்டா நெசமாத்தான் சுடுவேன்."

உண்டியலைக் கவிழ்த்து, ஒரு கிலோ கடலைப்பருப்பும் ஒரு லிட்டர் எண்ணெயும் வாங்கினாள். மறுநாள் சாயங்காலம் பழைய இடத்தில் வண்டி நின்றது. முதல் வடையைத் தட்டும்போது கை மறந்திருக்குமோ என்று அவளுக்கு உள்ளூர பயம். கைக்கு அப்படி ஒரு பயமும் இல்லை. எண்ணெயில் வடை சலசலத்தது. வெங்காயம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வாசனை தெருவுக்குள் போனது. மாதக்கணக்காக வீட்டு ரசத்தையே குடித்துக் களைத்திருந்த தெரு வெளியே வந்தது. சின்னக்கண்ணு பேப்பரில் மடித்துக்கொடுக்கவே கை போதாமல், தான் போட்டோக்காரன் என்பதையே மறந்துவிட்டான். நாலு வடை மிச்சம் இருக்கும்போதுதான் ஞாபகம் வந்து ஒன்று எடுத்தான். ஆளுக்கு மேல் ஆள், மாஸ்க் எல்லாம் தாடையில்.

"இத மேல அனுப்புனா கடன் வராதும்மா," என்றார் கோகிலவாணி. "அபராதந்தான் வரும்."

மூன்றாம் நாள் சின்னக்கண்ணு சுண்ணாம்பால் வட்டம் போட்டு, ஆறடிக்கு ஒருவராக நிறுத்தினான். மூக்கு மூடி, கையில் வடையோடு எல்லாரும் சாமி கும்பிடுகிறாற்போல அடக்கமாக நின்றார்கள். தைலம்மாள் பழைய நூல் புடவையில், கரண்டியும் கையுமாக இருந்தாள். அவன் போனை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருந்தான்.

"எடுத்துட்டியாப்பா?" என்றார் வரிசையில் நின்ற ரங்கம்மாள், மாஸ்க்குக்குள்ளிருந்து. "ஆறிக்கினே போவுது."

அந்தப் படம் தேறியது. கோகிலவாணி கையெழுத்துப் போட்டார். பேனா மூடியைத் திருகிக்கொண்டே, "இன்னிக்கும் கடை உண்டா?" என்று கேட்டார். சாயங்காலம் வந்து பத்து வடை வாங்கினார். காசு வேண்டாம் என்று தைலம்மாள் சொல்லிப் பார்த்தாள், மேடம் கேட்கவில்லை.

இருபது நாளில் பணம் கணக்கில் விழுந்தது. அதற்குள் வியாபாரம் தானாகவே சூடு பிடித்திருந்தாலும் அவள் கடனை வேண்டாமென்று சொல்லவில்லை. எண்ணெய் டின் வாங்கினாள், பருப்பு மூட்டை வாங்கினாள், மீதியில் இன்னொரு அடுப்பும் டீ பாய்லரும் வாங்கி சின்னக்கண்ணுவை அதற்கு முன்னால் நிறுத்தினாள். ஒரு வருஷத்தில் கடன் அடைந்தது.

இன்றைக்கும் அவன்தான் டீ போடுகிறான். டீ சுமார்தான். வடைக்காக எல்லாரும் குடித்துவிட்டுப் போகிறார்கள்.