ஜோசையாவின் இடது பூட்ஸ்

இன்னொரு ஜோடி பூட்ஸ் வேண்டும் என்று பெரில் முதல் நாளே சொல்லிவிட்டாள். துப்பறிகிறவனுக்கு ஒன்று, கொலைகாரனுக்கு ஒன்று. கிளைவ் அப்போது கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, காலடிச் சத்தத்தையெல்லாம் யார் கவனிக்கப் போகிறார்கள் என்று கேட்டார். லத்தீன் வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் கேட்டால் அது கேள்வி இல்லை, தீர்ப்பு. ஏழு வாரம் கழித்து இன்றைக்கு மான்செஸ்டரை ஒட்டிய ஓல்டம் ஊரே கவனித்துவிட்டது.

விக்டோரியா ராணி காலத்து மான்செஸ்டரில் நடக்கும் கொலைக்கதை, காதால் கேட்கிற நாடகம். எழுதியது கிளைவ். சனிக்கிழமை பிற்பகல்களில் தேவாலயக் கூடத்தில் பேசிப் பதிவு செய்து இணையத்தில் ஏற்றுவார்கள். செங்கல் சூளையில் வேலை பார்க்கும் ஜோசையாவும் ஒரு பாதிரியாரின் விதவையும் சேர்ந்து, போலீஸ் கைவிட்ட கொலைகாரனைத் தேடுகிறார்கள். ஜோசையாவின் குரல் வில்ஃப், பழைய பஸ் டிரைவர். மைக் முன்னால் பூட்ஸ் போட்டு அவனுக்காக நடப்பது, கதவைச் சாத்துவது, முட்டைக்கோஸைக் குத்திக் கத்திக்குத்துச் சத்தம் கொடுப்பது எல்லாம் பெரில்.

முப்பத்தொரு வருடம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஈரப் போர்வை தூக்கிய உடம்பு. முழங்கால் இரண்டும் போய்விட்டன. ஆனாலும் சரளைக்கல் தட்டில் அவள் நடந்தால் நடக்கிறவனின் எடை கேட்கிறவனுக்குத் தெரியும், பயம் தெரியும். சலவைக்கூடத்தை மூடிய பிறகு இந்த உடம்பை ஒரு வேலைக்கென்று கூப்பிட்டது இந்தக் கூடம் ஒன்றுதான்.

இருந்தது ஒரே ஜோடி பூட்ஸ். இடது குதிகால் லாடத்தில் ஓர் ஆணி இல்லை. ஒன்றுவிட்டு ஒரு அடிக்கு 'கிளிங்' என்றது. ஆறாவது பகுதியில் கொலைகாரன் சந்துக்குள் ஓடியபோதும் அதே 'கிளிங்'. ஜோசையாதான் கொலைகாரன் என்று கடிதம் கடிதமாக வந்தது. சந்தையில் கசாப்புக்காரர் வில்ஃபைப் பார்த்ததும் கத்தியை எடுத்து மறைத்து வைக்கிறாராம்.

இன்றைக்குக் கடைசிப் பகுதி. கிளைவின் பிரதியில் கொலைகாரன் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவன். அந்த முடிவைக் காப்பாற்ற கிளைவ் வழி கண்டுபிடித்திருந்தார். கம்ப்யூட்டரில் ஆயத்தமாகக் கிடைக்கும் காலடிகளை வைத்து ஆறு பகுதிகளையும் மாற்றிவிடலாம், அடுத்த தொடருக்கும் அதுவே போதும், பெரில் டீயைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

"டீயா?" என்றாள் பெரில்.

"தப்பா எடுத்துக்காதீங்க பெரில். ஆர்கன் வாசிக்கறவன் நடந்தா, அவன் மாதிரி கேக்கணும் இல்லியா?"

"அவன் எப்படி நடப்பான்? பாட்டோடயா?"

வில்ஃப் சிரிப்பை இருமலாக மாற்றினான். பெரிலுக்குச் சிரிப்பு வரவில்லை. தவறு செய்தது வாத்தியார், மார்க் குறைவது அவளுக்கு. பிரதியைப் பிடுங்கிப் புரட்டினாள். கொலைகள் செவ்வாய், வியாழன், இன்னொரு செவ்வாய். ஜோசையா துப்பறிவதோ ஞாயிற்றுக்கிழமை மட்டும். மற்ற ஆறு நாளும் அவனுக்குச் சூளை வேலை, காலில் கட்டைச் செருப்பு. எல்லாம் கிளைவ் எழுதியதுதான்.

"வாத்தியாரே, ஞாயித்துக்கிழமை போடற பூட்ஸ் திங்கக்கிழமை எங்க இருக்கும்?"

"அலமாரில."

வில்ஃப் வாய்விட்டே சிரித்துவிட்டான். சிறு வயதில் அவன் வீட்டிலும் பெரில் வீட்டிலும் திங்கள் காலையில் அப்பாவின் கோட்டையும் பூட்ஸையும் துணியில் சுற்றி அம்மா அடகுக்கடைக்கு எடுத்துப் போவாள். சனிக்கிழமை கூலி வந்ததும் மீட்டு வருவாள். ஒரு முறை சித்தப்பாவின் அடக்கம் புதன்கிழமையில் வர, பெரிலின் அப்பா அழுக்கு வேலைச்சட்டையோடு கல்லறைத் தோட்டத்தில் நின்றார். கிளைவின் அப்பா வங்கி மேலாளர். அந்த வீட்டில் பூட்ஸ் வாரம் பூராவும் அலமாரியிலேயே இருந்தது.

"வாரம் பூரா அந்த பூட்ஸ் அடகுக்கடைக்காரன்கிட்ட கெடக்கு," என்றாள் பெரில். "அவனுக்கு என்ன, காலு இல்லியா? அதை மாட்டிக்கிட்டுப் போய்க் குத்தறான். பழி ஜோசையா தலைல."

வில்ஃப் பழைய பிரதிகளைப் புரட்டினான். இரண்டாம் பகுதியில் ஓர் அடகுக்கடைக்காரன் வருகிறான். செத்தவளின் மோதிரத்தைப் பற்றி நாலே வரி பேசுவான். ஆள் கிடைக்காததால் அந்த நாலு வரியைப் பேசியது கிளைவ்தான்.

கிளைவ் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. ஆர்கன்காரனின் ஒப்புதல் வாக்குமூலம் மட்டும் இரண்டு பக்கம், ஒரு மாதம் உட்கார்ந்து எழுதியது, அதை என்ன செய்வது என்றார். அதே இரண்டு பக்கத்தை அடகுக்கடைக்காரன் பேசட்டுமே என்றாள் பெரில். கிளைவ் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். முதல் வரியைக் கரகரத்த குரலில் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு இன்னும் கரகரப்பாக ஒரு தடவை.

நாலு மணிக்குக் கூடத்தை பிங்கோ ஆடுகிறவர்களுக்கு விட வேண்டும். அதற்குள் கால் மணி நேரத்தை கிளைவே தின்றார். அடகுக்கடைக்காரனை இரண்டாம் பகுதியிலேயே வேண்டுமென்றுதான் நுழைத்து வைத்ததாக வில்ஃபிடம் விளக்கிக்கொண்டிருந்தார். பெரில் பொறுத்துப் பார்த்துவிட்டுக் குறுக்கிட்டாள்.

"அப்ப டீ யாரு போடறது?"

"நான் போடறேன்," என்றார் கிளைவ், தரையைப் பார்த்து. பிறகு எதையோ ஈடுகட்டுகிறவர் போல மேசைக்கு அடியிலிருந்து காகிதப் பை ஒன்றை எடுத்து நீட்டினார். உள்ளே இன்னொரு ஜோடி பூட்ஸ். இரண்டு லாடமும் கெட்டி. "கேட்டீங்களே."

ஏழு வாரம் கேட்டது, எந்த நாளில் வரக்கூடாதோ அந்த நாளில் வந்திருந்தது. பெரில் பையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உள்ள வைங்க வாத்தியாரே."

முழங்கால் நெறிபட உட்கார்ந்து பழைய பூட்ஸை மாட்டினாள். மைக் திறந்தது. அடகுக்கடைக்காரன் சந்துக்குள் நடந்தான். டக், கிளிங். டக், கிளிங். இன்னும் கொஞ்சம் சத்தமாக என்று கிளைவ் கையைக் காட்டினார். ஏழு வாரத்தையும் சேர்த்து ஓங்கி ஒரு மிதி மிதித்தாள்.

லாடம் கழன்று தெறித்து, அடுக்கியிருந்த நாற்காலிகளுக்கு அடியில் போய் விழுந்தது.

கம்ப்யூட்டர் என்று யாரும் சொல்லவில்லை. பெரில் ஒரு காலைத் தூக்கியபடி சரளைத் தட்டில் நின்றாள். கிளைவ் மண்டியிட்டு, நாற்காலிகளுக்கு அடியில் தலையை நுழைத்துத் துழாவிக்கொண்டிருந்தார்.