சவுண்டு சரியில்லை

அய்யாசாமிக்குப் பிடித்த டி.வி. இந்தக் கடலூர் மாவட்டத்திலேயே கிடையாது என்ற முடிவுக்குப் புஷ்பவல்லி வந்து வெகுநாளாயிற்று. சுரங்க டவுன்ஷிப்பின் மெயின் பஜாரில் பார்த்தாயிற்று. வடலூரில் பார்த்தாயிற்று. கடலூரில் ஒரு மூன்று மாடிக் கடையில் ஏறி இறங்கியாயிற்று. எங்கே போனாலும் அவள் புருஷன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு டி.வி.க்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார். சத்தத்தைக் கூட்டச் சொல்வார். இன்னும் கூட்டச் சொல்வார். கடைசியில் உதட்டைப் பிதுக்குவார்.

"படம் பரவால்ல. சவுண்டு சரியில்ல."

பெண் பார்க்கப் போன இடத்திலெல்லாம் சொஜ்ஜி பஜ்ஜியைத் தின்றுவிட்டு, ஜாதகம் பொருந்தவில்லை என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்திருப்பார்களே, அந்த மாதிரி.

ஆரம்பித்து வைத்தது மகள் கிருஷ்ணப்ரியா. சென்னையில் வேலைக்குப் போனவள் போன பொங்கலுக்கு வந்தபோது, "கேபிள் எல்லாம் இப்ப யாருப்பா பாக்குறா? ஸ்மார்ட் டி.வி. வாங்குங்க. நெட்டுல வேணுங்கிற படத்தை வேணுங்கிற நேரத்துல பாக்கலாம். என் அக்கவுண்ட்டையே போட்டுத் தர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். எதிர் குவார்ட்டர்ஸ் தெய்வசிகாமணியின் காதில் அது எப்படி விழுந்ததோ, அடுத்த மாதமே அவர் வீட்டுச் சுவரில் ஒன்று தொங்கியது. அது எல்லோருக்கும் தெரியவேண்டும் என்று வாசல் கதவை அகலத் திறந்து வைத்து, கொசுவுக்கெல்லாம் சேர்த்துப் படம் காட்டினார். அதிலிருந்து அய்யாசாமி டி.வி. நிபுணராகிவிட்டார். போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, பேனல் என்பார், ஃபோர்-கே என்பார். ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவர்களைக்கூட விட்டுவைக்கவில்லை.

புஷ்பவல்லிக்கு இவையெல்லாம் எரிச்சலாக இருந்தன. ஏனென்றால், கோளாறு எதில் என்று அவளுக்குத் தெரியும்.

முப்பது வருஷமாக நிலக்கரிச் சுரங்கத்தில், கன்வேயர் பெல்ட்டை இழுக்கிற மோட்டார்களுக்குப் பக்கத்தில் நிற்கிறவர் அய்யாசாமி. அந்த இரைச்சலுக்குக் காதில் வைத்துக்கொள்ள அடைப்பான் கொடுப்பார்கள். அதை அவர் ஒருநாளும் வைத்ததில்லை. "காதுல பஞ்சு வைக்க நான் என்ன பொணமா?" என்று கேட்டுச் சிரிப்பார். கூட இருந்தவர்களும் சிரிப்பார்கள். நல்லசாமி மட்டும் சிரிக்கமாட்டார். அய்யாசாமிக்கு முன்னதாகவே காது மந்தமாகி, காதில் மிஷின் மாட்டிக்கொண்டு வேலைக்கு வந்தவர் அவர். அவருக்கு 'ரேடியோ' என்று பெயர் வைத்தது அய்யாசாமிதான். "என்ன ரேடியோ, இன்னிக்கு எந்த ஸ்டேஷன்?" என்று நல்லசாமி ஓய்வு பெறுகிற நாள் வரைக்கும் கேட்டார். பிரிவு உபசார மேடையிலும் கேட்டார். அதைப் பெரிய நகைச்சுவை என்று வீட்டில் வந்தும் சொன்னார்.

இப்போது குக்கர் விசில் அவருக்குக் கேட்பதில்லை. அழைப்பு மணி கேட்பதில்லை. ஏன் என்று விசாரித்தால், "நீ வாய்க்குள்ளயே பேசுற புஷ்பா. உங்க வீட்டு ஆளுங்க எல்லாருக்குமே அந்தப் பழக்கம்" என்பார். ஆகவே அவள் கத்தினாள். சாப்பிட வாங்க என்று கத்தினாள். மாத்திரை போட்டீங்களா என்று கத்தினாள். கேட்டுக்கொண்டிருந்த பிளாக்காரர்களுக்கு அவர் காது மந்தம் என்று எப்படித் தெரியும்? பாவம் அய்யாசாமி, வாய் திறக்காத மனுஷன், வாய்த்தவள் ராட்சசி என்று பேசிக்கொண்டார்கள். தெய்வசிகாமணியின் மனைவி சாமியம்மாள் ஒருநாள் வேலியோரம் நின்று, "கொஞ்சம் அனுசரிச்சுப் போக்கா. ஆம்பளைன்னா அப்படித்தான் இருப்பாங்க" என்று புத்தி சொன்னபோது, புஷ்பவல்லி கொடியில் காய்ந்த துணிகளை வெடுக்வெடுக்கென்று உருவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பிறந்த வீட்டில் அவளைக் குயில் என்பார்கள்.

பலா சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பண்ருட்டிக்குக் கிளம்பினார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடை. இளவழகன் என்று சட்டையில் பெயர் குத்திய விற்பனையாளன் ஓடிவந்தான். பக்கத்து ஊர் வடக்குத்துக்காரன். மனப்பாடப் பாட்டு ஒப்பிக்கிற பிள்ளையைப் போல மூச்சுவிடாமல் சொன்னான்.

"சார், இது ஃபோர்-கே சார். நெட்டு மட்டும் குடுத்துட்டீங்கன்னா படம் வந்துகினே இருக்கும்ங்க. வாயால சொன்னாலே போதும், அதுவே தேடிக் குடுத்துடும்ங்க."

"சவுண்டு?"

"தியேட்டர் எஃபெக்ட் சார்."

"வை பாப்போம்."

வைத்தான். அய்யாசாமி கையை மேலே மேலே ஆட்டினார். பக்கத்தில் ஃபிரிட்ஜ் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் திரும்பிப் பார்த்தது. கல்லாவில் இருந்த முதலாளி பேனாவைக் கீழே வைத்தார். மாட்டி வைத்திருந்த மின்விசிறிகள்கூட அதிர்ந்தன.

"எரையுதே தவிர பேச்சு தெளிவா இல்லையேப்பா. உங்க கடைச் சரக்கே மட்டம்."

இளவழகன் விடவில்லை. இருப்பதிலேயே பெரிய டி.வி.க்கு அழைத்துப்போனான். அதோடு கீழே வைக்கிற நீளக்குழல் ஸ்பீக்கர் ஒன்றையும் கொண்டுவந்தான். "சாருக்குக் காது ரொம்ப நைஸ்ங்க. சில பேருக்குத்தான் இந்த வித்தியாசமெல்லாம் தெரியும்" என்றான். அய்யாசாமியின் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைப் பார்த்த கணத்தில் புஷ்பவல்லிக்குள் எதுவோ அறுந்தது.

"தம்பி, அதை ஆஃப் பண்ணு" என்றாள்.

டி.வி. அணைந்தது. கடையே ஓய்ந்தது. அய்யாசாமி குனிந்து அந்த ஸ்பீக்கரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவருக்குப் பின்னால் நின்று, நிதானமான குரலில், கடைக்காரரிடம் விலை கேட்கிற அளவுக்குச் சொன்னாள்.

"ஏங்க, நம்ம வீடு தீப்பிடிச்சு எரியுதாம்."

அவர் ஸ்பீக்கரைத் தட்டினார்.

"உங்க பொண்ணு யாரையோ கட்டிக்கிட்டு ஓடிட்டாளாம்."

ஸ்பீக்கரைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தார். ஃபிரிட்ஜ் குடும்பத்தில் ஒரு பெண் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். முதலாளி சிரித்தார். இளவழகன் சிரிக்கக்கூடாது என்று பல்லைக் கடித்து, தோற்றுப்போனான்.

அய்யாசாமி நிமிர்ந்தார். எதிரே அணைந்து கிடந்த கண்ணாடித் திரையில் கடை முழுக்கத் தெரிந்தது. சிரிக்கிற முகங்கள். நடுவில் தன் மனைவி, சிரிக்காமல். அவர் மெதுவாகத் திரும்பினார்.

"என்ன?"

எல்லோரும் ஆளுக்கொரு பொருளைப் பார்க்கத் தொடங்கினார்கள். அவர் முகம் வெளுத்ததைப் பார்த்ததும் புஷ்பவல்லிக்கு, ஜெயித்த சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் வெட்கம் வந்தது. ஊரார் முன்னால் ஒருவனைக் கோமாளியாக்குவது இவ்வளவு சுலபமா? இந்த வேலையைத்தானே அவர் நல்லசாமிக்குச் செய்தார்?

பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் அவள் அவருக்கு அருகில் உட்கார்ந்து, வாயைக் காதோரம் வைத்து, கத்தாமல் பேசினாள்.

"காது மந்தமானது தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"எவ்வளவு நாளா?"

"பிரியா காலேஜ் சேர்ந்தப்பவே."

அவளுக்கு மறுபடியும் கோபம் பொங்கியது. "அப்ப ஏன் என் தொண்டையை வாங்கினீங்க? நான் வாய்க்குள்ள பேசுறேன்னு எங்க அப்பன் ஆத்தாளையெல்லாம் இழுத்தீங்களே?"

"மிஷின் மாட்டினா என்னை என்னன்னு கூப்பிடுவானுங்க?" என்றார் அவர். "பேரு வச்சவனே நான்தானடி."

ஐம்பத்தேழு வயது மனுஷன். நூறு பேரை வேலை வாங்குகிறவர். ஒரு பட்டப்பெயருக்குப் பயந்து உலகத்தையே ஊமையாக்கி வைத்திருந்தார். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு, "கிளம்புங்க" என்றாள்.

நல்லசாமி வடக்குத்தில் சொந்தமாகக் கட்டிய வீட்டு வாசலில் முந்திரிக்கொட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஸ்கூட்டரில் வந்து இறங்கிய இருவரையும் பார்த்தார். எழுந்திருக்கவில்லை.

"அண்ணே, எந்த டாக்டர்கிட்ட காமிச்சீங்கன்னு கேக்க வந்தேன்" என்றார் அய்யாசாமி, குரலைத் தாழ்த்தி.

"இன்னா? கேக்கல. மிஷின கழட்டி வச்சிக்கினு இருக்கேன். சத்தமா சொல்லு."

மிஷின் அவர் காதிலேயே இருந்தது. புஷ்பவல்லி பார்த்தாள். அய்யாசாமியும் பார்த்திருக்கவேண்டும்.

"டாக்டரு! காது டாக்டரு!"

"யாருக்கு?"

"எனக்குத்தான்!"

"உனக்கு இன்னா?"

எதிர்வீட்டுத் திண்ணையில் பூக்கட்டிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்தினார்கள். சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்றார். அய்யாசாமி கண்ணை மூடிக்கொண்டு, சுரங்கத்தில் ஷிஃப்ட் ஆட்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கத்தினார்.

"எனக்குக் காது கேக்கலண்ணே!"

நல்லசாமி ஒரு முந்திரிக்கொட்டையைப் பொறுக்கி, நல்லதா சொத்தையா என்று உருட்டிப் பார்த்தார். "கேட்டுச்சி" என்றார். "உள்ள வா. அமிர்தம், ரெண்டு பேருக்குக் காபி போடு."

புதுச்சேரி டாக்டரின் விலாசத்தைச் சொன்னார். முதலில் சில நாள் எல்லாச் சத்தமும் தகரத்தில் ஆணி அடிக்கிற மாதிரி இருக்கும், கழற்றி எறிந்துவிடாதே என்றார். மன்னிப்பு என்று யாரும் கேட்கவில்லை. நல்லசாமி மன்னித்ததாகவும் தெரியவில்லை. கிளம்பும்போது, "எந்த ஸ்டேஷன் வருதுன்னு வந்து சொல்லு" என்றார். அய்யாசாமி தலையாட்டிவிட்டு ஸ்கூட்டரை உதைத்தார்.

மிஷின் வந்த மறுவாரமே டி.வி.யும் வந்தது. இந்தத் தடவை பண்ருட்டிக்குப் போகவில்லை. அந்தக் கடை வாசலை மிதிக்க இருவருக்குமே முகம் இல்லை. மெயின் பஜாரில், முதல்முதலில் பார்த்து உதட்டைப் பிதுக்கிய அதே நடுத்தர டி.வி.யை, சத்தம் எதுவும் கூட்டாமல், கட்டச் சொல்லி எடுத்து வந்தார். கிருஷ்ணப்ரியா போனில் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, புஷ்பவல்லி பட்டன்களை அமுக்கி இணைப்பைக் கொடுத்தாள்.

அய்யாசாமி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தான் பல வருஷமாக விடாமல் பார்த்துவந்த தொடரைத் தேடி எடுத்தார். கதாநாயகி பேசினாள். மாமியார் பேசினாள். வக்கீல் ஒருவர் வந்து நெடுநேரம் பேசினார். அய்யாசாமியின் நெற்றி சுருங்கிக்கொண்டே போனது.

"புஷ்பா."

"என்ன?"

"இவனுங்க எப்பவும் இப்படித்தான் பேசுவானுங்களா?"

"எப்படி?"

"இவ்வளவு மட்டமா? அந்த வக்கீல் சொன்னதையே மூணு தடவை சொல்றான். நான் அவனைப் பெரிய அறிவாளின்னு இத்தனை வருஷமா நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

"உங்களுக்கு அவன் மீசைதானே தெரிஞ்சுது" என்றாள் புஷ்பவல்லி.

அவர் தொடரை நிறுத்தினார். வேறொன்று வைத்தார். அதுவும் சகிக்கவில்லை. நகைச்சுவை என்று போட்டிருந்த ஒன்றில், ஒரு குண்டான மனிதனை நாலு பேர் சுற்றி நின்று கேலி செய்துகொண்டிருந்தார்கள். பின்னணியில் யாரோ சிரித்தார்கள். அதை அவசரமாக நிறுத்தினார். ரிமோட்டை அவள் பக்கம் நீட்டினார்.

"நீ என்ன பாக்குற?"

முப்பது வருஷத்தில் கேட்டிராத கேள்வி. ஒரு நல்ல பாட்டுக் கச்சேரி கேட்கவேண்டும் என்று எப்போதோ ஆசை இருந்தது. அவர் டி.வி. வைக்கிற சத்தத்துக்குப் பயந்து அதை விட்டுவிட்டாள்.

"பாட்டு" என்றாள், மெதுவாக, சோதனை செய்கிற மாதிரி.

"யாரு பாடுனது?" என்றார் அய்யாசாமி.

அவள் நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, தேடுகிற கட்டத்தில் ஒவ்வொரு எழுத்தாக அமுக்கத் தொடங்கினாள்.