உட்காரும் உயரம்

தச்சர் அந்த மேசையை முதலில் பார்த்தது ஒரு ஹோட்டல் வரவேற்பறையில். கதவுக் கீல் மாற்றப் போனவர், கீலை மறந்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கிழக்கு ஆசியப் பாணியாம். முழங்காலுக்கும் கீழே நிற்கிற குட்டைக் காபி மேசை. இரண்டு நுனியும் லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கும். பேருக்குக்கூட ஓர் ஆணி கிடையாது. நாற்காலிக்குப் பதில் தரையில் மெத்தை போட்டிருந்தார்கள். அன்றைக்குப் பிடித்தது மனுஷனுக்குக் கிறுக்கு.

பகலெல்லாம் பட்டறையில் அலமாரிக்குப் பிளைவுட் அறுப்பார். கை அது பாட்டுக்கு அறுக்கும்; மனசு அது பாட்டுக்கு மேசைக்கு இந்தப் பக்கம் அவரையும் அந்தப் பக்கம் மனைவியையும் உட்காரவைத்துவிடும். காபியில் ஆவி பறக்கும். அவள் வாய் அசையும். என்ன சொல்கிறாள் என்று காது கொடுப்பதற்குள் பலகை இரண்டாகி விழுந்துவிடும்.

உள்ளபடி சொன்னால், வீட்டில் பேச்சே அற்றுப்போயிருந்தது. அவள் துணிக்கடையில் விற்பனைக்கு நிற்கிறவள். சாயங்காலம் வந்ததும் அவருக்குக் காபியைக் கொடுத்துவிட்டு, தன் காபியைச் சமையல் மேடையில் சாய்ந்து நின்றபடியே குடித்து முடிப்பாள். பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னால் இருக்கட்டும் என்பாள். நம்மேல் சலிப்பு வந்துவிட்டதோ என்று அவருக்குப் பயம். கேட்கத் துணிச்சல் இல்லை. கேட்டு, ஆமாம் என்று சொல்லித் தொலைத்தால்? அதனால் மேசை செய்யக் கிளம்பினார். ஆம்பளை புத்தி அப்படித்தான் போகும், என்ன செய்ய.

நல்ல தேக்காகப் பார்த்து எடுத்து இழைத்தார். சுருள் சுருளாக விழுந்த சீவலில் பாதம் புதைந்தது. மேசைக் காலின் நுனியில் செதுக்கிய நாக்கைப் பலகைத் துளையில் இறக்கி ஒரு தட்டுத் தட்டினால், கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. உயரத்துக்கு எதையும் அளக்கவில்லை. கல்யாணமான புதிதில், சாமான் இல்லாத வாடகை அறையில் எதிரெதிரே சம்மணம் போட்டுச் சாப்பிட்டார்களே, அப்போது அவள் முழங்கை எங்கே இருந்ததோ அதுதான் உயரம். அது அவர் மனசிலேயே இருந்தது. கூட வேலை பார்க்கும் மச்சினன், ஏன் மாமா, கால் இனிமேல்தான் வளருமா என்று கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

அவளுக்கு லீவு நாளாகப் பார்த்து மேசையைக் கொண்டுவந்து ஜன்னலோரம் போட்டார். மெழுகு தேய்த்த மரத்தில் வெயில் தேன் நிறத்தில் கிடந்தது. காபியும் அவரே போட்டார். அவள் வளைந்த நுனியை உள்ளங்கையால் தடவி, ரொம்ப அழகாக இருக்கிறது என்று மனசாரச் சொன்னாள். சொல்லிவிட்டு, டம்ளரை எடுத்துக்கொண்டு நின்றாள்.

"உக்காரு."

"இருக்கட்டும்."

"என்கூட உக்காரவே வெறுத்துப்போச்சா உனக்கு?"

அவள் அவரை விநோதமாகப் பார்த்தாள். "என்ன பேச்சு இது? முட்டி மடங்கலைங்க. கீழ உக்காந்தே ரொம்ப நாளாச்சு. சோபாவுல உக்காந்தாலே எழுந்திரிக்க உயிர் போகுது."

"நீ சொல்லவே இல்லையே."

"குனிய முடியாமத்தானே கீழ்த்தட்டு சாமானை எல்லாம் மேல வைக்க வேற தட்டு அடிச்சுத் தரச் சொன்னேன். நீங்கதானே அடிச்சுக் குடுத்தீங்க."

அவர்தான் அடித்தார். மட்டம் பார்த்து, விளிம்பு இழைத்து, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல். ஊரார் வீட்டுக் கதவு முனகினால் காதில் விழுகிற மனுஷனுக்கு இது விழவில்லை. கூசிப்போனார்.

உயரமான நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரவைத்தார். மேசைக்கு வேறு கால் போட்டுவிடலாம் என்று சொல்லிக்கொண்டே தரையில் உட்கார்ந்து, டேப்பை அவள் முட்டிவரை பிடித்தார். கை பட்ட இடம் வீங்கி, சுட்டது.

"இங்கயா வலிக்குது?"

"இன்னும் கொஞ்சம் உள்பக்கம்" என்று அவர் கையைப் பிடித்து நகர்த்தினாள். எப்போது ஆரம்பித்தது, படியேறும்போது எப்படி, படுக்கும்போது எப்படி என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள். அவர் அளவைக் குறிக்கவில்லை. காபி ஆறி ஏடு படியும்வரை, கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.